அலை எப்ப ஓய, தலை எப்ப முழுக?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளிடம், 'அலை எப்போது ஓய, தலை எப்போது முழுக' என்பதற்கு இணையான ஆங்கிலப் பழமொழியைக் கேட்டிருக்கிறார்கள். 'டைம் அண்ட் டைட் வெயிட் ஃபார் நோ மேன்' என்று எழுதினாள். தவறு என்று அடித்துவிட்டார்கள். இரண்டிலும் கடல்தானே வருகிறது?
— வாசகி, மண்டபம்

பதில்: அப்படித்தான் தெரியும் அம்மா. ஆனால் அந்த ஆங்கிலப் பழமொழியில் கடலே இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'டைட்' என்றால் வேளை, பருவம். கிறிஸ்துமஸ் காலத்தை 'யூல்டைட்' என்கிறார்களே, அந்த டைட்தான் இது. கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் அந்தச் சொல் பிறகுதான் வந்தது. காலம் யாருக்காகவும் நிற்காது என்பதுதான் பொருள். ஔவையாரின் 'பருவத்தே பயிர் செய்' அதன் பக்கத்தில் வரும்.

நம்முடையது சொல்வது வேறு. தொல்லையெல்லாம் தீரட்டும், அப்புறம் செய்யலாம் என்று உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துக் கேட்பது. நான் தங்கச்சிமடத்தில் பிறந்தவள். எங்கள் ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே அலை அடங்கிய பெண்கடல், தெற்கே அலை அடிக்கும் ஆண்கடல். அக்னி தீர்த்தம் பல நாள் குளம் மாதிரிக் கிடக்கும். அங்கே முழுகுகிறவருக்கு இந்தப் பழமொழி உறைக்காது. கச்சான் காற்று வீசும் மாதத்தில் தனுஷ்கோடியில் ஆண்கடல் பக்கம் நின்று பாருங்கள், உறைக்கும்.

எனக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது, "மீன்பிடி வல்லத்துக் கடன் அடையட்டும், அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார் அப்பா. அப்பத்தா கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அலை எப்ப ஓய, தலை எப்ப முழுக?" என்றாள். வேறொன்றும் பேசவில்லை. மறுநாள் அவள் காதில் தண்டட்டி இல்லை.

இதே கேள்வியை 2,000 ஆண்டுகளுக்கு முன்னால் ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் கேட்டிருக்கிறார். நல்லபடியாக வாழத் தொடங்குவதைத் தள்ளிப்போடுகிறவன், ஆறு வடியட்டும் என்று கரையில் காத்திருக்கும் நாட்டுப்புறத்தான் போன்றவன். ஆறோ ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்கிறார். அவருக்கு ஆறு, நமக்கு அலை. படித்த அன்று அப்பத்தாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவள் அப்போது இல்லை.

இணை தேடும்போது, இதை யார் யாரிடம் எந்த நேரத்தில் சொல்வார்கள் என்று மகளைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒருவர் காரியத்தை மனதில் வைத்துக்கொண்டு குழைந்தால், மலாய்க்காரர்கள் 'பாறைக்குப் பின்னால் இறால் இருக்கிறது' என்பார்கள். நாம் 'சோழியன் குடுமி சும்மா ஆடுமா' என்போம். இறாலுக்கும் குடுமிக்கும் என்ன சம்பந்தம்? சொல்லும் இடம் ஒன்று, அவ்வளவுதான்.

கேள்வி: கன்னத்தில் கை வைத்தால் 'கப்பலா கவிழ்ந்துவிட்டது?' என்கிறோமே, மற்ற நாட்டிலும் இப்படி உண்டா?
— வாசகர், தேவிபட்டினம்

பதில்: ஆங்கிலேயரிடம் உண்டு. சின்ன நஷ்டத்துக்கு வருந்துகிறவரிடம், 'கடலில் இதைவிட மோசமானதெல்லாம் நடக்கிறது' என்று சொல்லித் தேற்றுவார்கள். அவர்களும் கப்பலை நம்பிப் பிழைத்தவர்கள்.

ஆனால் இதை எல்லா வீட்டிலும் சொல்லிவிட முடியாது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து அங்கே போன ரயிலையும் அலை கொண்டுபோனது. அப்பத்தாவின் தம்பி குடும்பம் அந்த ஊரில்தான் இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சைப் பேசியதில்லை. நான் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தால், அப்பத்தா பக்கத்தில் வந்து, ஒன்றும் பேசாமல் என் கையை எடுத்து மடியில் வைத்துவிட்டுப் போவாள்.