18,000 வெள்ளியில் மகனுக்கு முதல் கார்: கடன் வாங்கலாமா, இ.பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். கணவர் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 4,600 வெள்ளி. எங்கள் மூத்த மகனுக்கு 18 வயது. ஈப்போவில் உங்கு ஓமார் பொலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கிறது, கார் ஓட்டும் டி லைசன்ஸும் எடுத்துவிட்டான். தினமும் போய்வர ஒரு பழைய செடான் கார் வாங்க 18,000 வெள்ளி சேர்த்திருக்கிறோம். அவன் விரும்புவது 2010-ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் 1.8. வியாபாரி 28,000 சொல்கிறார். 3,000 முன்பணம் கட்டினால் மீதி 25,000-ஐ 6 சதவிகித வட்டியில் 5 ஆண்டுக் கடனாக ஏற்பாடு செய்வாராம். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமது 2017 புரோட்டோன் சாகாவை, மெனுவல் கியர், 15,500-க்குத் தருகிறார். கணவரோ, இ.பி.எஃப். எனும் ஊழியர் சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து 6,000 எடுத்துச் சேர்த்து, பெரோடுவா பெஸாவாக வாங்கிவிடலாம் என்கிறார். எது நல்லது?

பதில்: அன்புச் சகோதரி, ஆசிரியரின் சாகாவை வாங்குங்கள். ஆனால் அதற்கு 14,000 வெள்ளிக்கு மேல் கொடுக்காதீர்கள். 18,000 கையில் இருப்பதால் 18,000-க்குக் கார் வாங்கலாம் என்று நினைப்பதுதான் பல குடும்பங்கள் முதல் காரில் தடுமாறும் இடம். பழைய கார் வீட்டுக்கு வந்த முதல் ஆண்டிலேயே தன் பங்குக்குப் பணம் கேட்கும்; அந்தப் பணம் தனியாக இல்லாவிட்டால் அது வீட்டுச் செலவிலிருந்தோ கடன் அட்டையிலிருந்தோதான் போகும்.

முதலில் சிவிக்கைப் பார்ப்போம். சிவிக் மோசமான கார் அல்ல. உங்கள் மகனின் ஆசையில் தவறும் இல்லை. தவறு அந்தக் கடனில் இருக்கிறது. வியாபாரி சொல்லும் 6 சதவிகிதம் நிலையான வட்டி. அதாவது நீங்கள் மாதந்தோறும் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும், ஐந்தாம் ஆண்டு வரை முழு 25,000-க்கும் வட்டி போடப்படும். ஆண்டுக்கு 1,500 என்று 5 ஆண்டுகளில் வட்டி மட்டும் 7,500. மொத்தம் 32,500-ஐ 60 மாதங்களாகப் பிரித்தால் மாதத் தவணை ஏறத்தாழ 542 வெள்ளி. குறைந்துவரும் பாக்கிக்கு வட்டி போடும் முறையில் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 11 சதவிகித வட்டிக்குச் சமம். முன்பணத்தையும் சேர்த்தால் 28,000 வெள்ளிக் காருக்கு நீங்கள் கொடுப்பது 35,500. கடன் முடியும்போது காருக்கு 20 வயதாவது ஆகியிருக்கும். "உங்கள் சேமிப்பில் 15,000 அப்படியே இருக்குமே" என்று வியாபாரி சொல்லக்கூடும். வங்கி வைப்பில் அந்தப் பணம் ஈட்டும் வட்டி, நீங்கள் கட்டும் வட்டியில் பாதிகூட வராது. சாலை வரியிலும் வேறுபாடு உண்டு: 1.8 லிட்டர் சிவிக்குக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 280 வெள்ளி, 1.3 லிட்டர் சாகாவுக்கு 70 வெள்ளி.

உங்கள் கணவரின் யோசனையில் பாதி சரி. பெஸா நல்ல தேர்வுதான். 2016-இல் அறிமுகமானதிலிருந்து அதன் உதிரி பாகங்கள் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கின்றன, எஞ்சினில் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி, 1.0 லிட்டர் வகைக்குச் சாலை வரி 20 வெள்ளிதான். ஆனால் சேமிப்பு முழுவதையும் துடைத்து, அதோடு சேமநிதியிலும் கைவைத்து வாங்கும் அளவுக்கு அது அவசியமில்லை. நெகிழ்வுக் கணக்கு எனப்படும் மூன்றாம் கணக்கு 2024 மே மாதம் தொடங்கப்பட்டபோது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வசதி வந்தது உண்மை. அந்தக் கணக்கிலுள்ள பணத்துக்கும் ஈவுத்தொகை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2024-க்கு இ.பி.எஃப். கொடுத்தது 6.3 சதவிகிதம். ஆண்டுக்கு 6 சதவிகிதம் கிடைத்தாலே 6,000 வெள்ளி 12 ஆண்டுகளில் இருமடங்காகிவிடும். மருத்துவமனைச் செலவு போன்ற நெருக்கடிக்கு அதை விட்டுவையுங்கள்.

சாகாவை நான் சொல்வதற்கு அது மெனுவல் கியர் என்பதே முக்கியக் காரணம். 2016-இல் வந்த சாகாவின் ஆட்டோ (தானியங்கி கியர்) வகையில் இருந்தது சி.வி.டி. எனும் படியில்லாத கியர்ப்பெட்டி, 2019-இல்தான் நிறுவனம் அதை விட்டு வழக்கமான 4 வேக ஆட்டோவுக்கு மாறியது. சி.வி.டி. பழுதானால் பழுதுபார்க்கும் செலவு பெரிது. மெனுவலில் கிளட்ச் தேய்ந்தால் உங்கள் ஊர்ப் பட்டறையிலேயே மாற்றிவிடுவார்கள். மகன் ஆட்டோவுக்கு மட்டும் செல்லும் டி.ஏ. லைசன்ஸ் எடுக்காமல் டி எடுத்திருப்பது இங்கே பணமாகத் திரும்பி வருகிறது. 2016-க்கு முந்தைய சாகாக்களின் கீழ்நிலை வகைகள் சிலவற்றில் ஏ.பி.எஸ். பிரேக்கும் முன்பயணிக்கான காற்றுப்பையும் இல்லை. எனவே இதைவிடப் பழைய சாகா மலிவாகக் கிடைத்தாலும், புதிதாக ஓட்டக் கற்ற பிள்ளைக்கு வேண்டாம் என்பேன்.

மிச்சம் வைக்கும் 4,000 எங்கே போகும்? முதலில் காப்புறுதிக்கு. உங்கள் வீட்டில் வேறு கார் இருந்து அதற்கு என்.சி.டி. எனும், இழப்பீடு கோராதவருக்கான காப்புறுதித் தள்ளுபடி சேர்ந்திருந்தாலும், அது அந்தக் காருக்கே பயன்படும். ஒரே தள்ளுபடியை ஒரே நேரத்தில் இரண்டு கார்களுக்குப் பயன்படுத்த முடியாது. ஆகவே முதல் ஆண்டு முழுப் பிரீமியம் கட்ட வேண்டும். மகன் பெயரில் பதிந்தால், கோரிக்கை எதுவும் இல்லாத பட்சத்தில் ஓராண்டில் 25 சதவிகிதம், இரண்டில் 30, மூன்றில் 38.33 என்று தள்ளுபடி அவனுக்கே வளரும். டிப்ளோமா முடித்து வேலைக்குப் போகும்போது அது கையில் இருக்கும். மகன் பெயரிலும் உங்கள் பெயரிலும் பிரீமியம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். யார் பெயரில் இருந்தாலும், 21 வயதுக்குக் குறைந்தவரோ புதிய ஓட்டுநருக்கான பி லைசன்ஸ் வைத்திருப்பவரோ ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், உங்கள் கார் சேதத்துக்கான இழப்பீட்டில் முதல் 400 வெள்ளியை நீங்களே ஏற்க வேண்டும். அந்த 400-ஐத் தொடாமல் வைத்துவிடுங்கள்.

அடுத்தது டைமிங் பெல்ட். சாகாவின் கேம்புரோ எஞ்சினில் இந்தப் பெல்ட் ஓடும்போது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி எஞ்சினே சேதமாகலாம். மாற்றியதற்கான ரசீதை ஆசிரியரிடம் கேளுங்கள். ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய வாரமே மாற்றுங்கள். விலை பேசும்போது இதைச் சொல்லிக் குறைத்துக் கேட்பதும் நியாயம்தான். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள்: 3219 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டு 32-ஆம் வாரம் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் அவ்வளவு பழைய ரப்பரை நம்பி, செம்மோர் வழியாக மழையில் பிள்ளையை அனுப்பக் கூடாது.

தெரிந்தவர் கார்தானே என்று சோதனையை விட்டுவிடாதீர்கள். பெயர் மாற்றத்துக்காகப் புஸ்பாகோம் எனும் வாகனப் பரிசோதனை மையத்தில் செய்யும் பரிசோதனை எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்பது போன்றவற்றையே முக்கியமாகப் பார்க்கும். பெல்ட் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லாது. ஆகவே உங்களுக்கு நம்பிக்கையான பட்டறைக்காரரை, விற்பவருக்கு வேண்டியவராக இல்லாத ஒருவரை, கூலி கொடுத்தே அழைத்துப் போங்கள். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடிய காராக இருந்தால் அதிர்வைத் தாங்கும் அப்சோபரில் எண்ணெய்க் கசிவு உண்டா, மேட்டில் மெதுவாக ஏற்றி இறக்கும்போது முன்பக்கம் 'டொக் டொக்' என்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள்.

2022-இல் என் அக்காள் மகளுக்காகக் கிள்ளான் பக்கம் ஒரு கார் பார்க்கப் போனேன். உள்ளே வாசனை கமகமத்தது, இருக்கைகள் பளபளத்தன. ஓட்டுநர் பக்க சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். வழக்கமாக வெளியே தெரியாமல் சுருண்டிருக்கும் கடைசி இரண்டு சாண் பட்டையில் காய்ந்த சேறு படிந்திருந்தது, விரலால் தேய்த்ததும் மாவாக உதிர்ந்தது. முந்தைய டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கார் அது. அன்றிலிருந்து எந்தக் காரைப் பார்த்தாலும் முதலில் பெல்ட்டைத்தான் இழுக்கிறேன். நீங்களும் நான்கு பெல்ட்டுகளையும் இழுத்துப் பாருங்கள்.

மாதச் செலவையும் இப்போதே பேசிவிடுங்கள். போக வர 60 கிலோமீட்டர், மாதம் 22 நாள் என்றால் 1,320 கிலோமீட்டர். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைத்தால் ஏறத்தாழ 94 லிட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 எனும் பெட்ரோல் மானியத் திட்டத்தின் 1.99 வெள்ளி விலையில் 188 வெள்ளி. அதனுடன் மாதம் 150 வெள்ளியைக் கார் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் சிவிக்கின் தவணையை எட்டாது. மகனிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள்; விவரம் தெரிந்தால் அந்த வயதுப் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள் என்பது என் அனுபவம்.

ஆசிரியர் 14,000-க்கு இறங்கவில்லை, ஆனால் பெல்ட்டும் டயர்களும் அண்மையில் மாற்றியதற்கு ரசீது காட்டுகிறார் என்றால், 14,800 வரை போகலாம்; அந்தச் செலவு உங்களுக்கு மிச்சம்தானே. காரின் பேரில் சம்மன் (போக்குவரத்து அபராத) பாக்கியோ வங்கிக் கடனோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பட்டறைக்காரர் சரியென்று சொன்ன பிறகே முன்பணம் கொடுங்கள். முழுத் தொகையை ரொக்கமாக இல்லாமல் வங்கி வழியாக, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யில் பெயர் மாற்றம் செய்யும் நாளில் செலுத்துங்கள்.