அந்தத் தந்தச் சிலையை வாங்கலாமா?

அன்புள்ள ஐயா,

பாரிஸ் பழம்பொருள் சந்தையில் ஒரு சாண் உயரத் தந்தச் சிலை பார்த்தேன். கிண்ணம் ஏந்தி உட்கார்ந்திருக்கும் அரசன். கேமரூனின் பாமும் மக்கள் செய்தது, நூறு வருஷப் பழசு என்கிறார் கடைக்காரர். ஊருக்கு வரும்போது கொண்டுவரலாம் என்று ஆசை. வாங்கலாமா?

குமரன்

அன்புள்ள குமரன்,

வேண்டாம். சிலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தீர்களா? வெட்டுமுகத்தில் மெல்லிய கோடுகள் இரண்டு பக்கமும் வளைந்து ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போனால் அது தந்தம், ஊசி குத்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் வெறும் எலும்பு. எலும்பென்றால் காசு போச்சு. தந்தமென்றால் அதைவிட மோசம், ஏனென்றால் 1990 முதல் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கு உலக அளவில் வணிகத் தடை இருக்கிறது, இந்தியாவிலும் 1991-லேயே அதன் வியாபாரத்தைத் தடை செய்துவிட்டார்கள்.

பாமும் நாட்டில் யானை, சிறுத்தையைப் போல, அரசனுக்குரிய விலங்கு. தந்தம் அரண்மனைச் சொத்து, கண்டவர் கையில் புழங்கியதில்லை. அதனால் எங்கிருந்து, யார் கை மாறி வந்தது என்ற விவரம் இல்லாமல் அரசனின் தந்தச் சிலை ஒன்று சந்தைக்கு வந்தால் நான் நம்பமாட்டேன். பாமும் தலைநகர் ஃபும்பானிலேயே புது வேலையைப் பழசாக்கித் தரும் கைகள் உண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை, நல்ல கைகள் அவை. 1908-இல் பாமும் அரசர் என்ஜோயா ஜெர்மன் பேரரசர் கைசருக்குத் தன் அப்பாவின் சிம்மாசனத்தைப்போல ஒன்று செய்து அனுப்பத்தான் நினைத்தார், அது நேரத்துக்கு முடியாததால் அசலே போய்விட்டது. அரசருக்கு மிஞ்சியது நகல்.

அந்த அசல் பெர்லினில், ஹம்போல்ட் ஃபோரம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாமும் உருவச் சிற்பத்தின் உச்சம் தந்தத்தில் இல்லை, இந்த மரச் சிம்மாசனத்தில்தான் இருக்கிறது என்பேன். ஆள் உயரம். மரமே கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு பாசிமணி, சோழி. (மேற்கு ஆப்பிரிக்காவில் புழங்கிய சோழிகளில் கணிசமான பகுதி நம் பக்கத்து மாலத்தீவிலிருந்து போனவை.) இருக்கையைப் பின்னிப் பிணைந்த இருதலைப் பாம்புகள் தாங்குகின்றன, கால் வைக்கும் பலகையில் துப்பாக்கி ஏந்திய வீரர்கள், பின்னால் ஓர் ஆணும் பெண்ணும் நிற்கிறார்கள். பாசி கோத்த நூலையும் தைத்த துணியையும் யோசித்துக்கொண்டே நின்றால் நேரம் போவது தெரியாது.

சிலைக்கு எடுத்து வைத்த பணத்தில் பெர்லினுக்கு ரயில் ஏறிப் போய் அதைப் பாருங்கள், குமரன். பார்த்துவிட்டு எழுதுங்கள்.