பிள்ளைகள் கையால் பட்டில் வரைந்து கொடுக்கும் பரிசு: கேள்வி பதில்

கேள்வி (சேலம்): அக்கா, என் பொண்ணுக்கு 8 வயசு. அவ அத்தைக்குப் பட்டு ஸ்கார்ஃப் வரையணும்கிறா. என்னென்ன வாங்கணும்?

வெள்ளை ஹபோட்டாய் (மெல்லிய, வழவழப்பான வெறும் பட்டு), 8 மொம்மே கனம் கேட்டு வாங்குங்கள். மொம்மே என்பது பட்டின் எடையைச் சொல்லும் அளவு. சதுர மீட்டருக்குச் சுமார் 35 கிராம் வரும். இதைவிட மெல்லியதில் சாயம் பிள்ளையின் கைக்கு அடங்காமல் ஓடும். முதலில் ஒரு சொட்டு ஷாம்பூ விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக் காய வைத்துவிடுங்கள். துணியில் பூச்சு மிச்சம் இருந்தால் சாயம் திட்டுத் திட்டாக நிற்கும்.

அடுத்து, இஸ்திரி போட்டால் நிலைக்கும் பட்டுச் சாயம் மூன்று நிறம் போதும்: சிவப்பு, மஞ்சள், நீலம். மற்றதை அவளே கலந்து கண்டுபிடிக்கட்டும். கோடு போட, தண்ணீரில் கரையும் குட்டா ஒரு குப்பி. குட்டா என்பது சாயம் கோட்டைத் தாண்டாமல் தடுக்கும் பசை. பெட்ரோல் வாசனை அடிக்கும் பழைய ரகக் குட்டாவைப் பிள்ளைகள் பக்கம் கொண்டுவர வேண்டாம்.

துணி மேஜையில் படாமல் அந்தரத்தில் இறுக்கமாக நிற்க வேண்டும். ஸ்கார்ஃபுக்கு மரச்சட்டம், கைக்குட்டைக்கு எம்பிராய்டரி வளையமே போதும். குட்டாக் கோடு காய்ந்ததும் துணியை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். கோடு பின்னாலும் தெரிய வேண்டும். புள்ளி அளவு இடைவெளி இருந்தாலும் சாயம் அதன் வழியே பக்கத்து இதழுக்குப் போய்விடும். அந்த இடைவெளிகளை அவளையே தேடச் சொல்லுங்கள், பிள்ளைகள் கண் நம் கண்ணைவிடக் கூர்மை. வண்ணம் வைக்கும்போது தூரிகை கோட்டைத் தொடவே கூடாது. நடுவில் ஒரு துளி வைத்தால் போதும், சாயம் தானே ஓடிக் கோட்டில் போய் நிற்கும். அதைப் பார்க்கும்போது பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி (மதுரை): ஆர்ட் சில்க் துணியில செய்யலாமா?

கூடாது. அது செயற்கை இழை, இந்தச் சாயம் அதில் சரியாகப் பிடிக்காது. சந்தேகம் இருந்தால் ஒரு நூலை உருவிப் பெரியவர்கள் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகிய வாசனையோடு பொடியாக உதிரும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும்.

கேள்வி (திருச்சி): ஆவியில வேக வைக்கிற சாயம்தான் பளபளன்னு இருக்குமாமே? இட்லிப் பானையில வைக்கலாமா?

பளபளப்பு உண்மை. அந்தச் சாயம் இழைக்குள்ளேயே இறங்கிவிடுவதால் துணி விறைக்காது. ஆனால் சாயத்துக்குப் போன பாத்திரம் மறுபடி சமையலுக்கு வரக்கூடாது. இதற்கென்று ஒரு பழைய பானையை ஒதுக்கினால் செய்யுங்கள்.

கேள்வி (ஈரோடு): பையனுக்கு 4 வயசுதான். சாயத்தை வாயில வச்சுருவானோன்னு பயம்.

அவனுக்கு ஃபுட் கலர் கொடுங்கள். பட்டும் கம்பளி போலப் புரத இழை, வினிகர் கலந்த ஃபுட் கலரை ஆவியில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். வெயிலில் மெல்ல வெளுக்கும், ஆனாலும் தாத்தாவின் சட்டைப் பைக் கைக்குட்டைக்குத் தாராளமாகப் போதும். தூளாக வரும் துணிச்சாயத்தை மட்டும் எந்த வயதுப் பிள்ளை கையிலும் தராதீர்கள். மூச்சில் போய்விடும்.

கேள்வி (நாகர்கோவில்): மஞ்சள்தூள், பீட்ரூட் மாதிரி இயற்கைச் சாயம் நல்லதுதானே?

பீட்ரூட் அலசலிலேயே போய்விடும். மஞ்சள் பட்டில் அழகாக ஏறும், ஆனால் வெயில் பட்டால் வெளுக்கும், சோப்புப் பட்டால் ஆரத்தி மாதிரி சிவக்கும். விளையாட்டுக்குச் சரி. வைத்துப் பார்க்க வேண்டிய பரிசுக்கு வேண்டாம்.

கேள்வி (தஞ்சாவூர்): அக்கா, மாமனார் போய் மூணு வருஷம் ஆச்சு. அவரோட முகூர்த்தப் பட்டு வேட்டி பீரோவுல இருக்கு, மடிப்புல எல்லாம் இத்துப்போகுது. அதை வெட்டி பேரப்பிள்ளைங்க ஆளுக்கு ஒரு துண்டுல வரைஞ்சு பாட்டியோட 75-வது பிறந்தநாளுக்குக் கொடுக்கலாமா?

இடையில் ஒருவர் (காரைக்குடி): முகூர்த்த வேட்டில கத்திரி வைக்கலாமா? அப்படியே பத்திரமா வைக்கிறதுதான் அவருக்கு மரியாதை.

கேட்ட கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காரைக்குடி அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் வேட்டி என்றால் நானும் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக இருக்கும் பட்டு அந்த மடிப்பிலேயே உடையும். பீரோவில் அப்படியே விட்டால் அது பத்திரம் ஆகாது.

மடிப்பு விழாத இடத்தைப் பிடித்து இரு கையாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். சரசரவென்று இழை விட்டால் அந்தத் துணி வளையத்தின் இறுக்கத்தைத் தாங்காது, விட்டுவிடுங்கள். தாங்கினால், ஜரிகைக் கரையைப் பிரித்துத் தனியாக எடுத்து வைத்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். வேட்டியின் சந்தன நிறத்தில் நீலம் கொஞ்சம் பச்சை கலந்துதான் தெரியும், ஓரத்துண்டில் முதலில் பாருங்கள். இதே காரணத்தால் அடர்நிறப் பட்டுச் சேலையில் இந்த வேலை நடக்காது. சாயம் ஒளி ஊடுருவக் கூடியது, அடியில் இருக்கும் நிறத்தை மறைக்காது.

எல்லாவற்றுக்கும் முன்னால் பாட்டியிடம் கேளுங்கள். அது அவருடைய பொருள்.

இடையில் இன்னொருவர் (கோவை): கேட்டுட்டா அப்புறம் எப்படிங்க சர்ப்ரைஸ் பரிசு ஆகும்?

ரகசியம் வேண்டுமென்றால் கடைப் பட்டில் செய்யுங்கள் தம்பி. கணவரின் கல்யாண வேட்டி துண்டு துண்டாகக் கைக்கு வரும்போதுதான் ஒரு மனுஷி அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா? கேட்டால் எந்தப் பக்கத்தை வெட்டலாம் என்று அவரே காட்டுவார், அல்லது வேண்டாம் என்பார். இரண்டும் அவர் உரிமை. பேரப்பிள்ளைகள் என்ன வரையப் போகிறார்கள் என்பது அப்போதும் ரகசியம்தானே.

காரைக்குடி: அவங்க சம்மதிச்சா எனக்கும் சம்மதம். கரையை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க.

கேள்வி (வேலூர்): உப்புத் தூவினா பூப்பூவா வருமாமே, எங்களுக்கு வரலையே?

காய்ந்த பிறகு தூவியிருப்பீர்கள். சாயம் ஈரமாகப் பளபளக்கும்போதே கல் உப்பை நாலைந்தாகத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். முழுக்கக் காயும்வரை தொடக்கூடாது. உப்பு ஈரத்தோடு சாயத்தையும் தன் பக்கம் இழுப்பதால்தான் அந்தப் பூ விழுகிறது.

கேள்வி (கடலூர்): குக்கர்ல ஆவி வைக்கலாமா?

திருச்சிக்குச் சொன்னதுதான். சமையல் பாத்திரம் எதுவும் வேண்டாம்.

கேள்வி (சென்னை): ஸ்கூல் விழாவுக்கு 200 கர்ச்சீப், ஒரே டிசைன். ஐடியா சொல்லுங்க மேடம்.

அதற்கு ஸ்கிரீன் பிரின்டிங் செய்பவர்களைப் பாருங்கள்.

கேள்வி (ஓசூர்): இட்லித் தட்டு மட்டும்னா பரவாயில்லையா அக்கா?

இல்லை. தட்டும் வேண்டாம், பானையும் வேண்டாம், குக்கரும் வேண்டாம்.

கேள்வி (புதுச்சேரி): நாளைக்கு சாயங்காலம் அம்மாவுக்குப் பிறந்தநாள். பொண்ணு இன்னிக்கு வரைஞ்சா கொடுத்துரலாமா?

இன்று மாலைக்குள் வரைந்து முடித்தால் முடியும். இரவு முழுக்கக் காயட்டும். நாளைக் காலை துணியைத் திருப்பிப் போட்டு, மேலே பருத்தித் துணி விரித்து, ஆவி இல்லாமல் பட்டுச் சூட்டில் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று நிமிடம் இஸ்திரி போடுங்கள், பெட்டியை நகர்த்திக்கொண்டே. குப்பியில் வேறு நேரம் போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். குட்டா இப்போதைக்குத் துணியிலேயே இருக்கும், கோடு கொஞ்சம் விறைப்பாகத் தெரியும். அப்படியே கொடுக்கட்டும். இரண்டு நாள் கழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினால் குட்டா கரைந்து வெள்ளைக் கோடு தெளியும். அந்த அலசலை அம்மாவும் மகளும் சேர்ந்து செய்யலாம்.