பிரெஞ்சில் ‘போயிருப்பேன்’ என்று எப்படிச் சொல்வது?

பரிஸில் இருக்கும் அக்காவிடம் போக மட்டக்களப்பில் பிரெஞ்சு படிக்கிறேன், ‘கொந்திசியொனெல் பாஸே’ என்ற கடந்தகால நிபந்தனை வடிவம் மட்டும் பிடிபடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, தமிழருக்கு இது லேசுதான். ‘பஸ் வந்திருந்தால் கல்லடிக்குப் போயிருப்பேன்’ என்கிறோமே, அந்தப் ‘போயிருப்பேன்’தான் இது.

‘அவ்வார்’ (உடைத்தாயிரு) அல்லது ‘எத்ர்’ (இரு) என்ற துணைவினையை நிபந்தனை வடிவில் வைத்து, பின்னால் இறந்தகால எச்சத்தைச் சேர்க்க வேண்டும். ‘ஜோரே மான்ஜே’ என்றால் சாப்பிட்டிருப்பேன். ‘ஜ ஸெரே அலே’ என்றால் போயிருப்பேன். ‘எத்ர்’ வந்தால் எச்சம் எழுவாயின் பாலையும் எண்ணையும் பார்த்து மாறும்.

பலர் சறுக்குவது ‘ஸி’யில். ‘வந்திருப்பேன் என்றால் போயிருப்பேன்’ என்று நாம் சொல்வதில்லையே? அதேபோல, ‘ஆல்’ என்ற பொருள் தரும் ‘ஸி’க்குப் பின் இந்த வடிவம் வராது, ‘தெரிந்திருந்தது’ போன்ற, இறந்தகாலத்துக்கும் முந்திய காலமான ‘ப்ளு-க-பர்ஃபே’தான் வரும்: ‘ஸி ஜவே ஸு, ஜ ஸெரே வெனு’, அதாவது தெரிந்திருந்தால் வந்திருப்பேன்.

‘ஜோரே த்யூ தெலெஃபொனே’ என்பது வருத்தம்: போன் எடுத்திருக்க வேணும், எடுக்கவில்லை.

எனக்குப் பிடித்தது செய்திகளில் வரும் பயன். உறுதியாகாத தகவலை ‘இல் ஸெரே பார்தி’ என்பார்கள். அங்கே அது ‘போயிருப்பார்’ இல்லை, நம்முடைய ‘போய்விட்டாராம்’.