தூக்கத்துக்கு வெந்நீரா, பச்சைத்தண்ணீரா?

படுக்கப் போகும் முன் கொதிக்கக் கொதிக்கக் குளிக்கிறீர்கள், தூக்கமும் வரவில்லை, காலெல்லாம் அரிப்பு, அதனால் பச்சைத்தண்ணீருக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரவில் மாற வேண்டாம். குளிர்ந்த நீர் பட்டதும் மூச்சு வாங்கும், இதயம் வேகமெடுக்கும், இருக்கிற தூக்கமும் கலைந்துவிடும். காலையில் சோம்பல் முறிக்க அது நல்லது. இதய நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

உங்கள் சிக்கல் வெந்நீர் அல்ல, நேரமும் சூடும்தான். தூங்குவதற்கு உடலின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் குளித்தால் கை கால்களின் ரத்தக்குழாய்கள் விரிந்து உள்ளிருக்கும் சூடு வெளியேறும். அதற்கு அவகாசம் வேண்டாமா? படுப்பதற்கு 1 முதல் 2 மணி நேரம் முன்பே, 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், 10 நிமிடம் குளித்தால் போதும். தோல் சிவந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

அப்புறம் அந்த அரிப்பு. அதிகச் சூடு தோலின் எண்ணெய்ப் பசையைப் போக்கிவிடும், தோல் வறண்டு அரிக்கும். சோப்பை அக்குள், இடுக்குகளோடு நிறுத்திக்கொண்டு, துண்டால் ஒற்றியெடுத்த கையோடு, ஈரம் காயும் முன் காலில் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். இரண்டு வாரத்தில் அரிப்பு அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.