வீட்டு முகப்புக்கு மரவேலி: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் மரவேலி தரைமட்டத்தில்தான் சாகும். மேலே பலகை புதுசாக இருக்கும், மண்ணைத் தொடுகிற இடத்தில் கால் மக்கிப்போய்க் காற்றுக்குச் சாயும். அதனால் பணத்தைக் காலுக்குப் போடுங்கள், அழகு அப்புறம்.

சவுக்குக் கட்டை மலிவாகக் கிடைக்கிறது. அதையே காலாக நடலாமா? (விழுப்புரம்)

பந்தலுக்கும் சாரத்துக்கும் சவுக்கு நல்ல மரம்தான். ஆனால் மண்ணுக்குள் நேராக நட்டால் கரையானும் ஈரமும் சேர்ந்து சீக்கிரம் தின்றுவிடும். தேக்கு என்றாலும் உள்வைரம்தான் தாங்கும், ஓரத்து வெள்ளையைக் கரையான் விடாது. மர டிப்போவில் 'தேக்கு' என்று சொல்லி வெள்ளை கலந்த சட்டத்தைத் தள்ளுவார்கள், வெட்டுமுனையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள், நிற வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

நான் சொல்வது, மரத்தை மண்ணுக்குள் விடவே வேண்டாம். 2 அடி குழி எடுத்து, அடியில் அரை அடிக்கு ஜல்லி போட்டு, கால்வனைஸ் செய்த இரும்பு ஆங்கிளைக் கான்கிரீட்டில் நிறுத்தி, தரைக்கு 2 அங்குலம் மேலே மரக்காலை வைத்து போல்ட் போட்டு முடுக்குங்கள். கான்கிரீட்டின் தலையைத் தட்டையாக விடாமல் நாலு பக்கமும் சரிவாகப் பூசச் சொல்லுங்கள், தண்ணீர் நிற்காது. கரையான் ஏறினாலும் அந்த 2 அங்குல இடைவெளியில் மண்புற்றாகத் தெரியும், தட்டிவிடலாம். மரம் மண்ணுக்குள் இருந்தால் உள்ளே தின்பது வெளியே தெரியவே தெரியாது.

முகப்பு 40 அடி, நடுவில் 4 அடி கேட். எவ்வளவு மரம் வாங்குவது? (வேளச்சேரி)

கேட் போக ஒரு பக்கம் 18 அடி. 6 அடிக்கு ஒரு கால் என்றால் பக்கத்துக்கு 4, மொத்தம் 8 கால். பலகை 3 அங்குல அகலம், இடைவெளி 2 அங்குலம் என்று வைத்தால் பக்கத்துக்கு 43 பலகை வரும், மிஞ்சுகிற 3 அங்குலத்தை இடைவெளிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்துவிட வேண்டியதுதான். இரண்டு பக்கமும் 86, கேட்டுக்கு 10, ஆக 96. முடிச்சு, வெடிப்பு என்று கழிக்க இன்னும் 10. மூன்றரை அடி உயரம், முக்கால் அங்குல கனம் என்றால் பலகைக்கு மட்டும் சுமார் 6 கன அடி. குறுக்குச் சட்டம் மேலே ஒன்று, கீழே ஒன்று, கேட்டின் சட்டம் போக 72 அடி நீளம். இதைக் கையில் எழுதி எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போங்கள், அங்கே போய் ஆசாரியிடம் கணக்குக் கேட்டால் ஒன்றுக்கு ஒன்றரையாக வாங்க வைப்பார்.

பக்கத்து வீட்டுக்காரர் எல்லை தன்னுடையது என்கிறார், என்ன செய்ய? (திருச்சி)

குழி தோண்டுவதை நிறுத்துங்கள். சர்வே எண் கொடுத்துப் புலப்படத்தின் (நிலத்தின் எல்லை அளவுகள் போட்ட வரைபடம்) நகல் எடுத்துப் பாருங்கள், அப்போதும் தகராறு என்றால் கட்டணம் கட்டி மனுப் போட்டு சர்வேயரை வரவழைத்து அளக்கச் சொல்லுங்கள், அளக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரும் கூட நிற்கட்டும். எல்லைக் கல் நட்ட பிறகு வேலியை உங்கள் பக்கம் அரை அடி தள்ளிப் போடுவது நல்லது, பின்பக்கம் பெயின்ட் அடிக்க அவர் இடத்தில் கால் வைக்க வேண்டியிருக்காது.

பழைய இன்ஜின் ஆயில் பூசினால் கரையான் வராது என்கிறார்களே? (பொள்ளாச்சி)

வேண்டாம். கிராமத்தில் எல்லாரும் செய்வதுதான், ஆனால் மழையில் கழுவி மண்ணில் இறங்கும், கிணறும் கறிவேப்பிலைச் செடியும் பக்கத்திலேயே இருக்கும், அதன்மேல் பெயின்டும் ஒட்டாது.

பெயின்ட் எப்போது அடிப்பது? (சேலம்)

பலகையை மாட்டும் முன்பே. ஆறு பக்கமும் பிரைமர் படவேண்டும், முக்கியமாக மேல் கீழ் வெட்டுமுனைகள். தண்ணீரை உறிஞ்சுவது அங்கேதான். பச்சை மரத்தில் அடித்தால் உள்ஈரம் கொப்புளமாகக் கிளம்பி உரியும், அதனால் அறுத்த பலகையை நிழலில் இடைவெளி விட்டு அடுக்கி நன்றாகக் காயவிடுங்கள்.

மர கேட் நாளாக நாளாகத் தொங்கிவிடுகிறது. (நாகர்கோவில்)

குறுக்குக்கட்டையைத் தலைகீழாக அடித்திருப்பார்கள். கீல் பக்கத்துக் கீழ்மூலையில் தொடங்கி தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலைக்குப் போகவேண்டும். அப்போதுதான் கேட்டின் பாரம் கட்டை வழியாகக் கீழ்க்கீலுக்கு இறங்கும். கீல் மாட்டிய கால் மற்றதைவிடத் தடிமனாகவும் ஆழமாகவும் இருக்கட்டும்.

கடல் பக்கம் வீடு, ஆணி துருப்பிடித்து ஒழுகுகிறது. (கடலூர்)

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி. விலை பார்க்காதீர்கள்.

நாய்க்குட்டி இடைவெளியில் நுழைந்து ஓடிவிடுகிறது. (ஓசூர்)

குட்டியின் தலை நுழையாத அளவுதான் இடைவெளி. உங்கள் குட்டிக்கு 2 அங்குலமும் அதிகம் என்றால், கீழே ஒரு அடிக்கு மட்டும் உள்பக்கம் கம்பி வலை அடித்துவிட்டு, வளர்ந்ததும் கழற்றிவிடுங்கள்.