கணக்குப் புத்தகத்தின் அட்டையில் ஒரு பாட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுவீடனின் பழைய வரிக்கணக்குப் புத்தகம் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். மேலுறை முழுக்க லத்தீன் எழுத்தும் இசைக்குறிப்பும். தேவாலயத்தில் பாடிய புத்தகத்தைக் கிழித்துக் கணக்குக்கு அட்டை போட்டிருக்கிறார்கள்! மதவெறியில் செய்ததா? அந்தப் பாட்டுகளை இனிப் பாட முடியுமா?

க.

அன்புள்ள க.,

சுவீடனில் நடந்ததை வெறி என்று சொல்லமாட்டேன், சிக்கனம் என்பேன். 1527க்குப் பிறகு மன்னர் குஸ்தாவ் வாசா திருச்சபைச் சொத்துகளைத் தன் கைக்குக் கொண்டுவந்தார், நாடு மெல்ல லூத்தரன் என்ற புராட்டஸ்டண்ட் வழிக்குப் போனது, பழைய பூசைப் புத்தகங்களுக்கு வேலை இல்லாமல் ஆனது. அதே சமயம் ஊர் ஊராக வரி வசூலித்த அதிகாரிகள் கணக்கைத் தைத்து ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பவேண்டும், காகிதக் கட்டுக்குக் கெட்டியாக ஓர் உறை வேண்டும். தோலில் எழுதிய புத்தகமோ சும்மா கிடக்கிறது. அதிலும் பாடகர் குழுவின் புத்தகம் என்றால், பல பேர் சேர்ந்து நின்று பார்த்துப் பாடுவதற்காக ஏடே பெரிதாக இருக்கும், மடித்தால் உறைக்கு அளவாக வரும். பாட்டின் மேலேயே ஊரையும் வருடத்தையும் கிறுக்கிவிட்டார்கள், சில சமயம் தலைகீழாக.

எனக்கு அந்தக் கிறுக்கல்தான் பிடிக்கும். அந்த ஏடு எந்த ஊர்க் கணக்கோடு, எந்த வருடம் வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. ஒரே நூலின் ஏடுகள் பல கணக்குகளில் சிதறிக் கிடக்கும். கையெழுத்து, பக்கத்தில் உள்ள எழுத்து வரிகளின் எண்ணிக்கை, கோடுகளின் இடைவெளி இவற்றை வைத்து ஆய்வாளர்கள் திரும்பச் சேர்க்கிறார்கள். ஸ்டாக்ஹோமில் மட்டும் 22,000 துண்டுகளுக்கு மேல். அதுவரை சுவீடனோடு இருந்த பின்லாந்து 1809இல் ரஷ்யாவின் கைக்குப் போனபின் அந்தப் பகுதியின் கணக்குகள் ஹெல்சின்கிக்குப் போயின, அங்கே சுமார் 10,000 ஏடுகள்.

நீங்கள் சொல்லும் வெறி இங்கிலாந்தில் இருந்தது. பழைய வழிபாட்டு நூல்களை அழிக்கவே 1550இல் சட்டம் போட்டார்கள். அதற்கு முந்தைய வருடமே ஜான் பேல் என்ற ஆங்கில எழுத்தாளர் புலம்பியிருக்கிறார்: மடாலய நூல்களால் செருப்புத் துடைக்கிறார்கள், மளிகைக்காரனுக்கும் சோப்பு விற்பவனுக்கும் விற்கிறார்கள் என்று. இத்தனைக்கும் அவர் தீவிரப் புராட்டஸ்டண்ட்!

சரி, பாட முடியுமா? நான்கு கோடு போட்டு அதன்மேல் இசைக்குறிகளை எழுதியிருந்தால் தாராளமாகப் பாடலாம். கோடே இல்லாத பழைய குறிகள் மெட்டு ஏறுகிறது, இறங்குகிறது என்று காட்டும், எவ்வளவு என்று காட்டாது. அதே பாட்டு பிற்காலத்தில் கோடு போட்டு எழுதப்பட்டிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். ஐரோப்பா முழுக்கப் பாடிய பாட்டு என்றால் பாதி போனாலும் வேறு பிரதி இருக்கும். பின்லாந்தின் புனித ஹென்றி போன்ற உள்ளூர்ப் புனிதர்களின் பாட்டுக்கு அவ்வளவு பிரதிகள் ஏது? அங்கே கத்தி பட்டிருந்தால் எனக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது.